பி செல் லிம்போமாவை உயிரோடு வைத்திருக்கும் ஏற்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளையணுக்களில் ஒரு வகை பி செல். அதில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்தான் பி செல் லிம்போமா. பி செல்லின் மேற்பரப்பில் கிருமியை அடையாளம் காண்பதற்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. செல் புற்றாக மாறிய பிறகும் அந்த ஏற்பி தரும் சமிக்ஞையை வைத்துத்தான் பல லிம்போமாக்கள் சாகாமல் பிழைக்கின்றன, பெருகுகின்றன. இப்ருடினிப், அகாலபுருடினிப் போன்ற மாத்திரைகள் கை வைப்பது இந்த இடத்தில்தான். நோயாளியின் வீட்டார், மருத்துவ மாணவர்கள், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் என்று மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இங்கே கலந்திருக்கின்றன. வேண்டியதை மட்டும் படித்தாலும் புரியும். ஆனால் மூன்றாவது கேள்வியைத் தவிர்க்க வேண்டாம், பின்னால் வருவதெல்லாம் அதைச் சார்ந்தது.

1. பி செல் ஏற்பி என்பது என்ன?

செல் சுரக்கும் எதிர்ப்பொருளின் இன்னொரு வடிவம்தான் அது. சுரக்காமல், வால் பகுதி செல் சவ்வில் ஊன்றியபடி நிற்கும் இம்யூனோகுளோபுலின். ஒரு பி செல்லின் மேல் சுமார் ஒரு லட்சம் ஏற்பிகள் இருக்கும். ஒரு செல்லில் உள்ள அத்தனை ஏற்பிகளும் ஒரே பொருளைத்தான் பிடிக்கும்.

இம்யூனோகுளோபுலினின் உள்வால் மிகக் குட்டையானது, அதனால் செல்லுக்குள் செய்தி அனுப்ப முடியாது. அந்த வேலைக்கு இரண்டு துணைப் புரதங்கள் ஒட்டியிருக்கின்றன: சிடி79ஏ, சிடி79பி. இரண்டின் உள்வாலிலும் ஐடாம் என்ற பகுதி உண்டு. ஒவ்வொரு ஐடாமிலும் இரண்டு டைரோசின் அமினோ அமிலங்கள். சமிக்ஞை தொடங்குவது இந்த டைரோசின்களில்தான்.

2. ஆரோக்கியமான பி செல்லுக்கே இந்த ஏற்பி அவ்வளவு அவசியமா?

ஆம். ஜெர்மனியின் கொலோன் நகரில் கிளாஸ் ராயேவ்ஸ்கி குழுவினர் 1997இல் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். முதிர்ந்த பி செல்களிலிருந்து ஏற்பியை மட்டும் நீக்கினார்கள். கிருமி, தொற்று எதுவும் இல்லாத நிலையிலும் அந்தச் செல்கள் சில நாட்களில் இறந்துபோயின. ஆக, எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கும்போதுகூட ஏற்பி மெல்லிய ஒரு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அடிநிலைச் சமிக்ஞை என்று பெயர். பிஐ3 கைனேஸ் என்ற நொதியை மட்டும் செயற்கையாக முடுக்கிவிட்டால் ஏற்பி இல்லாத செல்லும் பிழைக்கும் என்று 2009இல் தெரியவந்தது.

மனிதரில் இதற்கு இணையான சான்று அதற்கு வெகு முன்பே கிடைத்திருந்தது. ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1952இல், இரத்தத்தில் எதிர்ப்பொருளே இல்லாமல் திரும்பத் திரும்ப நோய்த்தொற்றுக்கு ஆளான சிறுவனைப் பற்றி எழுதினார். பழுதான மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது உருவாக்கும் நொதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: புரூட்டன் டைரோசின் கைனேஸ், சுருக்கமாக பிடிகே. அந்த நொதி இல்லாத ஆண் குழந்தைகளுக்குப் பி செல்கள் ஏறக்குறைய இருப்பதேயில்லை, மற்ற உறுப்புகள் நன்றாகவே இருக்கின்றன. பிடிகேயை அடைத்தால் பி செல் நோய்களை மட்டும் குறிவைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

3. சமிக்ஞை செல்லுக்குள் எந்த வழியாகப் போகிறது?

ஏற்பி எதையாவது பிடித்ததும் பல ஏற்பிகள் ஒன்றுகூடுகின்றன. லின் என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) ஐடாம் டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய இரண்டு டைரோசின்களையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும் அமைப்பு சிக் என்ற கைனேஸுக்கு இருக்கிறது. ஒன்றில் மட்டும் பாஸ்பேட் இருந்தால் சிக்கின் பிடி இறுகாது.

சிக் செயல்படத் தொடங்கியதும் பிஎல்என்கே என்ற இணைப்புப் புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. பிடிகேயும் பிஎல்சி காமா 2 என்ற நொதியும் அதன்மேல் வந்து சேர்கின்றன. அதே நேரத்தில் பக்கத்தில் இருக்கும் சிடி19 என்ற மேற்பரப்புப் புரதம் வழியாகப் பிஐ3 கைனேஸ் இயங்கி, சவ்வின் உட்புறத்தில் பிஐபி3 என்ற கொழுப்பை உண்டாக்குகிறது. பிடிகே சவ்வில் வந்து ஒட்டுவதற்கு அந்தக் கொழுப்பு வேண்டும். சிக்கும் லின்னும் பிடிகேயின் 551ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. பிறகு பிடிகே தன் 223ஆம் டைரோசினில் தானே ஏற்றிக்கொள்கிறது. இந்த எண்களை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

பிடிகே முடுக்கிவிட்ட பிஎல்சி காமா 2, சவ்வுக் கொழுப்பு ஒன்றை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும். மறு துண்டு பிகேசி பீட்டாவைத் தூண்டும். பிகேசி பீட்டா கார்டு11 என்ற புரதத்தை விரித்துவிட, அதோடு பிசிஎல்10, மால்ட்1 இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு உருவாகிறது. இந்த மூவர் கூட்டு ஐகேகே நொதியைக் கிளப்ப, ஐகப்பாபி என்ற தடைப்புரதம் சிதைகிறது. அது கட்டிவைத்திருந்த என்எஃப் கப்பாபி விடுபட்டு உட்கருவுக்குள் போகிறது. செல் சாவைத் தடுக்கும் மரபணுக்களையும் பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்களையும் அங்கே இயக்குகிறது.

பிஐ3 கைனேஸிலிருந்து தனியாக ஒரு கிளை ஏகேடி, எம்டார் என்ற கைனேஸ்கள் வழியாகப் போகிறது. செல்லின் சத்து உட்கொள்ளல், புரத உற்பத்தி, வளர்ச்சி ஆகியவை அந்தக் கிளையின் பொறுப்பு. மூன்றாவது கிளை இஆர்கே என்ற கைனேஸ் வழியாகப் போகிறது.

இதற்கெல்லாம் தடைக்கட்டைகளும் உண்டு. லின் சமிக்ஞையைத் தொடங்கிவைப்பதோடு நிற்பதில்லை. சிடி22 போன்றவற்றில் பாஸ்பேட் ஏற்றி, எஸ்எச்பி1 என்ற பாஸ்பேட் நீக்கியை வரவழைத்து, சமிக்ஞையை அடக்கவும் செய்கிறது. லின்னுக்கு இப்படி இரட்டை வேலை இருப்பதால்தான் சில பிறழ்வுகளின் (மரபணு மாற்றங்களின்) விளைவு முதல் பார்வைக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

4. லிம்போமா செல் இந்த ஏற்பியை நம்பியிருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

நமக்கு மிக அழுத்தமாகப் படும் ஆதாரம் ஃபாலிகுலர் லிம்போமாவில் இருக்கிறது. அந்த நோயில் 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. 14இல் உடைவது இம்யூனோகுளோபுலின் மரபணு இருக்கும் இடம். ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், அவற்றில் ஒன்றுதான் ஏற்பியை உருவாக்குகிறது. உடைந்து கிடப்பது எப்போதும் மற்றப் பிரதி. ஏற்பி தரும் பிரதி உடைந்த செல்களில் நோய் வளர்ந்து வருவதைக் காண முடிவதில்லை.

இன்னொன்று, பரவிய பெரும் பி செல் லிம்போமா. இதை டிஎல்பிசிஎல் என்பார்கள். அதில், தூண்டப்பட்ட பி செல்லை ஒத்த ஏபிசி வகையில் ஏற்பி பெரும்பாலும் ஐஜிஎம் என்ற இம்யூனோகுளோபுலின் வடிவத்திலேயே நின்றுவிடுகிறது, ஐஜிஜியாக மாறுவதில்லை. ஐஜிஎம் ஏற்பி பெருக்கத்துக்குத் தூண்டும். ஐஜிஜி ஏற்பி, எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லாக முதிரும் பக்கம் தள்ளும். எது புற்றுநோய்க்கு ஆதாயமோ அது தங்கியிருக்கிறது.

நேரடிச் சோதனை 2010இல் வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் லூயிஸ் ஸ்டாட் குழுவினர் ஏபிசி வகைச் செல் வரிசைகள் (ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் புற்றுச் செல்கள்) பலவற்றில் ஏற்பியின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே முடக்கிப் பார்த்தார்கள். ஐஜிஎம், சிடி79ஏ, சிடி79பி, பிடிகே, எதை முடக்கினாலும் செல்கள் செத்தன.

5. எல்லா லிம்போமாவிலும் சமிக்ஞை ஒரே மாதிரியா?

இல்லை. குறைந்தது இரண்டு பாணிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏபிசி வகையில் இருப்பது நாள்பட்ட செயல்நிலைச் சமிக்ஞை. ஏற்பிகள் செல்லின் மேல் கொத்துக் கொத்தாகக் கூடி நிற்கும். மேலே சொன்ன எல்லாக் கிளைகளும் ஓடும், என்எஃப் கப்பாபி ஓயாமல் இயங்கும். பிடிகே மாத்திரைக்கு இந்த வகை மசியும்.

புர்க்கிட் லிம்போமாவிலும் டிஎல்பிசிஎல்லின் இன்னொரு வகையான, நெறிக்கட்டியின் முளைமையத்துப் பி செல்லை ஒத்த ஜிசிபி வகையில் ஒரு பகுதியிலும் இருப்பது அடிநிலைச் சமிக்ஞையின் வலுத்த வடிவம். ஏற்பிகள் கூடுவதில்லை, என்எஃப் கப்பாபியும் தேவையில்லை. பிஐ3 கைனேஸ் கிளை மட்டும் ஓடுகிறது. புர்க்கிட்டில் டிசிஎஃப்3 அல்லது அதை அடக்கும் ஐடி3 மரபணு அடிக்கடி பிறழ்ந்திருக்கும். அதன் விளைவுகளில் ஒன்று எஸ்எச்பி1 குறைந்து இந்தச் சமிக்ஞை கூடுவது. ஜிசிபி வகையில் சிலவற்றில் பிடென் என்ற தடைப்புரதம் தொலைந்து, ஏகேடி கட்டுப்பாடின்றி ஓடும். ஏற்பி தேவைப்பட்டாலும் பிடிகே அவ்வளவாகத் தேவைப்படாத செல்கள் இவை.

6. அறிக்கையில் ‘சிடி79பி ஒய்196’ என்று இருக்கிறது. அது என்ன செய்யும்?

சிடி79பியின் ஐடாமில் உள்ள முதல் டைரோசின் வேறொரு அமினோ அமிலமாக மாறியிருக்கிறது என்று பொருள். ஏபிசி வகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கும். சில அறிக்கைகளில் ஒய்197 என்று எழுதியிருப்பார்கள். எண்ணிடும் முறைதான் வேறு, இடம் ஒன்றே.

சமிக்ஞை தொடங்கும் டைரோசினே போய்விட்டால் சமிக்ஞை குறையத்தானே வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடப்பது இது: லின்னின் அடக்கும் வேலை குன்றுகிறது, ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுவது குறைந்து மேற்பரப்பில் அதிக ஏற்பிகள் தங்குகின்றன. தொடங்கிய சமிக்ஞை அணையாமல் நீள்கிறது. இந்தப் பிறழ்வு தானாகச் சமிக்ஞையைத் தொடங்குவதில்லை. ஏற்பி எதையாவது பிடித்தாக வேண்டும். ஏபிசி செல் வரிசைகளை ஆராய்ந்தபோது, அவை பிடிப்பது பெரும்பாலும் உடலின் சொந்தப் பொருள்களை என்று தெரிந்தது. இறந்த செல்லின் எச்சம், சில வரிசைகளில் பக்கத்து ஏற்பியின் ஒரு பகுதியேகூட.

7. மைடி88 எல்265பி?

இது வேறொரு ஏற்பிக் குடும்பத்தின் இணைப்புப் புரதம். டிஎல்ஆர் என்ற ஏற்பிகள் கிருமியின் டிஎன்ஏ போன்றவற்றை உணர்ந்து மைடி88 வழியாக என்எஃப் கப்பாபியை இயக்கும். 265ஆம் இடத்தில் லியூசின் போய் புரோலின் வந்தால் மைடி88 தூண்டுதல் இல்லாமலே கூடிக்கொண்டு இயங்கும். ஏபிசி டிஎல்பிசிஎல்லில் சுமார் 29 சதவீதத்தில் இது இருப்பதாக 2011இல் பதிவானது. வால்டன்ஸ்ட்ராம் நோய் என்ற இன்னொரு பி செல் லிம்போமாவில் 90 சதவீதத்துக்கும் மேல்.

இதுவும் சிடி79பியும் ஒரே கட்டியில் சேர்ந்தே பிறழ்ந்திருப்பதைப் பலமுறை காணலாம். இரண்டு பாதைகளும் தனித்தனியே ஓடுவதில்லை. பி செல் ஏற்பி, டிஎல்ஆர்9, மைடி88 மூன்றும் செல்லுக்குள் எண்டோலைசோம் என்ற பையின் மேல் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து, என்எஃப் கப்பாபியையும் எம்டாரையும் ஒருங்கே இயக்குவதை 2018இல் காட்டினார்கள். விளையும் என்எஃப் கப்பாபி ஐஎல்6, ஐஎல்10 என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்க வைக்கிறது. செல் தான் சுரந்ததைத் தானே உணர்ந்து ஸ்டாட்3 வழியாக இன்னும் வலுப்பெறுகிறது.

8. மற்ற லிம்போமாக்கள் எப்படிப் பிழைக்கின்றன?

ஃபாலிகுலர் லிம்போமா ஒரு விசித்திரமான வழி வைத்திருக்கிறது. பெரும்பாலான நோயாளிகளில் ஏற்பியின் பிடிக்கும் பகுதியிலேயே சர்க்கரை ஒட்டும் இடம் புதிதாக உருவாகியிருக்கும். அங்கே ஒட்டும் மேனோஸ் சர்க்கரையைப் பக்கத்தில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்களின் டிசி சைன் என்ற புரதம் பிடித்து இழுக்கும். கிருமியும் வேண்டாம், சொந்தப் பொருளும் வேண்டாம், அண்டை வீட்டார் போதும்.

சிஎல்எல் எனப்படும் நாள்பட்ட லிம்போசைட் லுக்கீமியாவில் ஏற்பி தன்னைப் போன்ற ஏற்பியையே பிடித்துச் சமிக்ஞை எழுப்பும். ஏற்பியின் பிடிக்கும் பகுதியை உருவாக்கும் ஐஜிஎச்வி மரபணுவின் வரிசை பிறவி வரிசையோடு 98 சதவீதமோ அதற்கு மேலோ ஒத்திருந்தால் பிறழாத வகை என்பார்கள். அதில் சமிக்ஞை வலுவாக இருக்கும், நோயும் வேகமாகப் போகும்.

இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமாவில் தூண்டுதல் வெளியிலிருந்து வருகிறது: ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி. ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தால் சுமார் நான்கில் மூன்று பேருக்குக் கட்டி கரைகிறது. கீமோதெரபி இல்லாமல் ஒரு புற்றுநோய் கரைவது மருத்துவத்தில் அரிது, வெளித் தூண்டுதலின் பங்குக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. ஆனால் 11, 18 குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட வகை ஆன்டிபயாட்டிக்குக்குப் பெரும்பாலும் கரைவதில்லை. மால்ட்1 வேறொரு புரதத்தோடு ஒட்டிப்போய்த் தானாக இயங்குவதுதான் காரணம். மேலே கிருமி இருந்தாலும் போனாலும் அதற்கு ஒன்றுதான். ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கு மண்ணீரலில் வரும் லிம்போமாவும் வைரஸ் மருந்துக்கே சுருங்குவது 2002இல் பதிவாகியிருக்கிறது.

ஹாட்ஜ்கின் லிம்போமா விதிவிலக்கு. அதன் ரீட் ஸ்டெர்ன்பெர்க் செல்களில் பி செல் ஏற்பியே இருக்காது. எப்ஸ்டீன் பார் வைரஸ் உள்ள கட்டிகளில் வைரஸின் எல்எம்பி2ஏ புரதம் ஏற்பியின் சமிக்ஞையையும், எல்எம்பி1 சிடி40 என்ற இன்னொரு பி செல் ஏற்பியின் சமிக்ஞையையும் போலி செய்கின்றன.

9. பிடிகே மாத்திரை யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது? ஏன்?

பழுது மாத்திரை அடைக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மடையை அடைத்தாலும் மடைக்குக் கீழே ஊற்று இருந்தால் வயலுக்கு நீர் வந்துகொண்டேதான் இருக்கும். சிடி79பி பிறழ்வு பிடிகேக்கு மேலே, ஆகவே பிடிகேயை அடைத்தால் பயன் உண்டு. கார்டு11 பிறழ்வு பிடிகேக்குக் கீழே. ஏபிசி வகையில் சுமார் 10 சதவீதத்தில் உள்ள அது, மேலிருந்து கட்டளை வராமலே என்எஃப் கப்பாபியை இயக்கும். அதே இடத்துக்குக் கீழே ஏ20 என்ற தடைப்புரதம் தொலைந்தாலும் இதே சிக்கல்.

2015இல் வெளிவந்த ஆய்வில், நோய் திரும்பிய டிஎல்பிசிஎல் நோயாளிகள் 80 பேருக்கு இப்ருடினிப் மட்டும் கொடுத்தார்கள். ஏபிசி வகையில் 38 பேரில் 14 பேருக்குப் பலன், அதாவது 37 சதவீதம். ஜிசிபி வகையில் 20 பேரில் ஒருவருக்கு. சிடி79பி, மைடி88 இரண்டும் பிறழ்ந்திருந்த ஐவரில் நால்வருக்குப் பலன். மைடி88 மட்டும் பிறழ்ந்து சிடி79பி இயல்பாக இருந்தவர்களுக்கு ஒருவருக்கும் இல்லை. இன்னொரு விஷயம் கவனிக்கத்தக்கது: எந்தப் பிறழ்வும் இல்லாத ஏபிசி கட்டிகள் சிலவும் பலன் கண்டன. ஆகவே பிறழ்வு இல்லை என்ற அறிக்கையை மாத்திரை பலிக்காது என்று வாசிக்கக் கூடாது.

மேன்டில் செல் லிம்போமா என்ற இன்னொரு வகையில் நிலைமை மேல். 2013இல் வெளியான ஆய்வில் 111 பேரில் 68 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. ஃபாலிகுலரில் இதே மருந்து ஐந்தில் ஒருவருக்குத்தான் உதவியது.

10. அப்படியானால் எல்லா ஏபிசி நோயாளிக்கும் முதலிலேயே இப்ருடினிபைச் சேர்த்துவிடலாமே?

செய்து பார்த்தார்கள். ஃபீனிக்ஸ் என்ற ஆய்வில் 838 பேர். டிஎல்பிசிஎல்லின் வழக்கமான முதல் சிகிச்சையான ஆர் சாப் என்ற மருந்துக் கூட்டோடு ஒரு பாதிக்கு இப்ருடினிப், மறுபாதிக்குப் போலி மாத்திரை. 2019இல் வந்த முடிவில் மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பயன் தெரிந்தது. மூத்தவர்களுக்குப் பக்கவிளைவு கூடியதால் ஆர் சாப் சுற்றுகளையே முழுமையாகக் கொடுக்க முடியவில்லை. குணமாக்கும் சிகிச்சையின் அளவு குறைந்தபோது மாத்திரையால் கிடைத்த ஆதாயம் அடிபட்டுப்போனது. பிறகு கட்டிகளை மரபணு வகைப்படி பிரித்துப் பார்த்தபோது, எம்சிடி (மைடி88, சிடி79பி பிறழ்வுகள் கொண்டது), என்1 (நாட்ச்1 பிறழ்வு கொண்டது) என்ற இரு வகைகளில் இப்ருடினிப் பெற்ற இளையவர்களில் மூன்று ஆண்டுகளில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. எண்ணிக்கை சிறியது, பின்னோக்கிப் பார்த்த கணக்கு. அதை வைத்து மட்டும் சிகிச்சையை மாற்றுவது அவசரம். ஆனால் ஏபிசி என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

11. மாத்திரை தொடங்கியதும் வெள்ளையணு எண்ணிக்கை தாறுமாறாக ஏறுகிறது. நோய் முற்றுகிறதா?

சிஎல்எல்லிலும் மேன்டில் செல்லிலும் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. நெறிக்கட்டிக்குள் செல்லைப் பிடித்துவைக்கும் ஒட்டுச் சமிக்ஞைகளும், சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி வழி வரும் இழுப்பும் பிடிகேயை நம்பியவை. அது அடைபட்டதும் செல்கள் கட்டியை விட்டு இரத்தத்துக்கு வருகின்றன. கட்டி சுருங்கும், இரத்தத்தில் எண்ணிக்கை ஏறும். சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை நீடிக்கலாம். கட்டி சுருங்கி, ஹீமோகுளோபினும் தட்டணுவும் சரிவர இருந்தால் எண்ணிக்கை ஏறியதற்காக மட்டும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கட்டியும் சேர்ந்து வளர்ந்தால், எல்டிஎச் என்ற இரத்த நொதி அளவு ஏறினால், காய்ச்சலும் எடை இழப்பும் வந்தால் அது வேறு கதை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

12. நன்றாகப் பலித்த மாத்திரை பிறகு ஏன் கைவிடுகிறது?

இப்ருடினிப், அகாலபுருடினிப், ஜானுபுருடினிப் மூன்றும் பிடிகேயின் 481ஆம் சிஸ்டீனோடு நிரந்தரப் பிணைப்பு ஏற்படுத்துபவை. இப்ருடினிப் இரத்தத்தில் 4 முதல் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. இருந்தும் நாளுக்கு ஒரு வேளை போதுமானதாக இருப்பதற்கு இந்தப் பிணைப்பே காரணம். செல் புதிய பிடிகேயைத் தயாரிக்கும்வரை அடைப்பு நீடிக்கும். அந்தச் சிஸ்டீன் செரினாக மாறினால் பிணைப்பு விழாது. சி481எஸ் என்று அறிக்கையில் வரும். அடுத்தது பிஎல்சி காமா 2 பிறழ்வு, பிடிகே இல்லாமலே அது இயங்கும். மறுபடியும் மேல், கீழ் கணக்குத்தான்.

சிஸ்டீனை நம்பாத பிர்டோபுருடினிப் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மேன்டில் செல் லிம்போமாவுக்கு அனுமதி பெற்றது, அளவு நாளுக்கு 200 மி.கி. சி481எஸ் இருந்தாலும் வேலை செய்யும். அதற்கும் எதிராக டி474ஐ, எல்528டபிள்யூ போன்ற பிறழ்வுகள் வருகின்றன. எல்528டபிள்யூ பிறழ்ந்த பிடிகேக்குக் கைனேஸ் வேலையே கிடையாது, ஆனாலும் சமிக்ஞை போகிறது. பிடிகே மற்ற புரதங்களைக் கூட்டிவைக்கும் மேடையாகவும் செயல்படுவதை இது காட்டுகிறது. அதனால்தான் பிடிகேயை அடைப்பதற்குப் பதில் முழுதாகச் சிதைத்துவிடும் மருந்துகளை இப்போது சோதிக்கிறார்கள்.

13. மாத்திரை எடுப்பவர் அன்றாடம் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இரத்தக்கசிவு முதலாவது. தட்டணுவின் ஒட்டும் வேலைக்கும் பிடிகே தேவை. பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கும் முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் வரை மாத்திரையை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. எத்தனை நாள் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது இரண்டாவது. இப்ருடினிபில் இது அதிகம், அகாலபுருடினிபிலும் ஜானுபுருடினிபிலும் குறைவு. படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். இரத்த அழுத்தமும் மெல்ல ஏறும்.

மற்ற மருந்துகளோடு மோதல் மூன்றாவது, நம் ஊரில் இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரல் நொதிகளை முடுக்கி இப்ருடினிபின் இரத்த அளவை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல், வொரிகொனசோல் நேர் எதிர், மாத்திரையின் அளவை ஆபத்தாக ஏற்றும். கிரேப்ஃப்ரூட்டையும் அதன் இனமான பம்பளிமாஸையும் தவிர்க்க வேண்டும். அகாலபுருடினிப் கேப்ஸ்யூல் எடுப்பவர் பான்டொப்ரசோல், ஒமெப்ரசோல் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து சரியாக உடலில் சேராது, மாத்திரை வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை, அதாவது எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிசி இரண்டும் செய்துவிட வேண்டும். பழைய தொற்று மறுபடி எழலாம்.

14. பிஐ3 கைனேஸ் தடுப்பான்கள் ஏன் பேச்சிலேயே இல்லை?

பலித்தன, ஆனால் உடல் தாங்கவில்லை. ஐடெலாலிசிப் 2014இல் வந்தது. கடும் வயிற்றுப்போக்கு, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சி, தொற்று என்று தொடர்ந்ததால் இந்த வகை மருந்துகள் பலவும் அமெரிக்காவில் 2022 முதல் லிம்போமாவுக்கான அனுமதியிலிருந்து அடுத்தடுத்து விலகின. டி செல்லுக்கும் பிஐ3 கைனேஸ் டெல்டா தேவை என்பது மூலக் காரணம்.

15. ஏற்பியின் சமிக்ஞையை அடைக்காமல் ஏற்பியையே குறிவைக்க முடியாதா?

முடியும். போலாடுசுமாப் வெடோடின் சிடி79பியைப் பிடித்துச் செல்லுக்குள் நஞ்சைக் கொண்டுபோகிறது, அளவு கிலோவுக்கு 1.8 மி.கி. இங்கே சிடி79பி வெறும் முகவரிதான். கீழே எந்தப் பிறழ்வு இருந்தாலும் முகவரி மாறாது. 2022இல் வெளியான போலாரிக்ஸ் ஆய்வில் இந்த மருந்து சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 76.7 சதவீதம், வழக்கமான ஆர் சாப் பெற்றவர்களில் 70.2 சதவீதம்.

16. பயாப்சி எடுக்கும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

முடிந்தவரை கட்டியை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள், ஊசியில் உறிஞ்சிய செல்கள் வகை பிரிக்கப் போதாது. ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஓரிரு நாள் ஸ்டீராய்டிலேயே லிம்போமா கரைந்து, பயாப்சியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எடுத்த துண்டை 10 சதவீத நியூட்ரல் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வரை வைக்கலாம். அதற்கு மேல் கிடந்தால் டிஎன்ஏ சிதையும். எலும்பு மஜ்ஜைத் துண்டை வலுவான அமிலத்தில் மென்மையாக்கினால் மரபணுச் சோதனை தோற்கும், இடிடிஏ முறை நல்லது.

வகை பிரிக்க ஹான்ஸ் முறை என்ற மூன்று சாயச் சோதனை வழக்கம், மூன்றுக்கும் 30 சதவீதச் செல்கள் சாயம் ஏற்பதுதான் பாசிட்டிவுக்கு எல்லை. சிடி10 பாசிட்டிவ் என்றால் ஜிசிபி. சிடி10, பிசிஎல்6 இரண்டும் நெகட்டிவ் என்றால் ஜிசிபி அல்லாதது. பிசிஎல்6 மட்டும் பாசிட்டிவ் என்றால் மம்1 முடிவு செய்யும், அது பாசிட்டிவ் என்றால் ஜிசிபி அல்லாதது. இது மரபணு வெளிப்பாட்டுச் சோதனைக்கு மாற்று ஏற்பாடுதான், சிலரைத் தவறான பக்கத்தில் வைக்கும். மூளையில் மட்டும் வரும் லிம்போமா என்றால் மைடி88 சோதனையைத் தண்டுவட நீரிலும் செய்யலாம்.

17. ஆய்வுக்கூடத்தில் பிடிகே செயல்பாட்டை அளக்கிறோம், முடிவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் நேரத்தில். ஏற்பியைத் தூண்டிய 2 முதல் 5 நிமிடத்தில் பாஸ்பேட் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். நேரத்தைக் கடிகாரம் வைத்து ஒரே மாதிரி வையுங்கள், முடிந்த நொடியில் பனிக்கட்டியில் குளிர்வித்த கரைசலால் நிறுத்துங்கள். கரைசலில் 1 மில்லிமோலார் சோடியம் ஆர்தோவனடேட் இல்லாவிட்டால் பாஸ்பேட் நீக்கிகள் முடிவைத் தின்றுவிடும்.

தூண்டுவதற்கு ஐஜிஎம்முக்கு எதிரான எதிர்ப்பொருளின் எஃப்ஏபி 2 துண்டையே மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் அளவில் பயன்படுத்துங்கள். முழு எதிர்ப்பொருளைப் போட்டால் அதன் வால் எஃப்சி காமா 2பி என்ற அடக்கும் ஏற்பியையும் பிடித்துச் சமிக்ஞையைக் குறைத்துவிடும். வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைச் சவ்வில் பதித்து எதிர்ப்பொருளால் காணும் முறை) செய்யும்போது பால்பொடிக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டு ஆல்புமினைப் பயன்படுத்துங்கள். பாலில் உள்ள கேசீனிலேயே பாஸ்பேட் இருப்பதால் பின்னணி கறுக்கும்.

551ஆம் டைரோசினை அளந்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுக்கு வருவது இன்னொரு தவறு. அது மேலிருந்து சிக்கும் லின்னும் ஏற்றுவது, பிடிகே அடைபட்டாலும் நிற்கும். பார்க்க வேண்டியது 223.

செல் வரிசையைத் தேர்வதிலும் அதே மேல், கீழ் கணக்கு உதவும். டிஎம்டி8, எச்பிஎல்1, ஓசிஐ எல்ஒய்10 ஆகியவை ஏற்பியை நம்பியவை, சில நானோமோலார் இப்ருடினிபிலேயே டிஎம்டி8 வாடும். ஓசிஐ எல்ஒய்3இல் கார்டு11 பிறழ்ந்திருப்பதால் அது எதிர்ச்சோதனைக்கு ஏற்றது. 1 மைக்ரோமோலாருக்கு மேல் போய்ச் செல் செத்தால் அதைப் பிடிகேயின் கணக்கில் எழுதாதீர்கள். அந்த அடர்த்தியில் ஐடிகே, ஈஜிஎஃப்ஆர் போன்ற மற்ற கைனேஸ்களும் அடைபடும். பாஸ்பேட் நிமிடங்களில் குறைந்தாலும் சாவு மெதுவாகத்தான் வரும், ஆகவே உயிர்ப்புச் சோதனையை 24 மணி நேரத்தில் முடிக்காமல் 72 முதல் 96 மணி நேரம் வரை விட்டுப் பாருங்கள்.